அடுத்தவர் கையில் தைத்தவள்

அக்காவுக்குச் சொந்தமாக ஒரு தையல் கிடையாது.

ஊசி பிடிக்காதவர்களுக்கு இது சட்டென்று விளங்காது. கையெழுத்து ஆளுக்கு ஆள் மாறுவதுபோல ஓட்டுத் தையலும் மாறும். ஊசி துணிக்குள் போய் வெளியே வருகிற இடைவெளி, நூலை இழுக்கிற இறுக்கம், வரி சாய்கிற பக்கம் எல்லாம் ஒருத்திக்கு வருவதுபோல இன்னொருத்திக்கு வராது. என் தையல் கொஞ்சம் நீளம், இடது பக்கமாகச் சாயும். கோமதிக்கு வரியின் தொடக்கத்தில் நெருக்கமாக விழும், முடிகிற இடத்தில் பொறுமை தீர்ந்து அகன்றுவிடும். ஸ்டெல்லா கணக்கு டீச்சராக இருந்தவள், அவள் தைத்தால் கோடு போட்ட தாளில் எழுதியதுபோல இருக்கும். அக்கா எங்கள் மூன்று பேர் கையிலும் தைப்பாள். அவளுடைய கை எது என்று கேட்டால் சிரித்துக்கொண்டே நூலைப் பல்லால் கடிப்பாள்.

நாங்கள் அவளை அக்கா என்றுதான் அழைத்தோம். பெயர் எனக்குத் தெரியும். எழுத மனம் வரவில்லை. இப்போது அவளும் அவள் கணவரும் கொல்லம் பக்கம் போய்விட்டார்கள். போன் நம்பரும் மாறிவிட்டது. நான் ஊசியில் நூல் கோக்கும்போதெல்லாம் பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்ததுபோல ஒரு நினைப்பு வரும். திரும்பிப் பார்க்க மாட்டேன்.

மார்த்தாண்டத்தில் எங்கள் வீட்டு மாடியில் ஒரு நீளமான அறை. ஜன்னலைத் திறந்தால் மேம்பாலத்தில் போகிற லாரி டிரைவரின் முகம் தெரியும். மஸ்கட்டில் இருந்தபோது பக்கத்து வீட்டுப் பிலிப்பைன்ஸ்காரியிடம் நான் குயில்ட் தைக்கப் பழகினேன். துண்டுத் துணிகளை ஒட்டி ஒரு மேல்விரிப்பு, கீழே ஒரு துணி, நடுவில் மெத்தென்று பஞ்சு விரிப்பு, மூன்றையும் சேர்த்துக் கையால் தைத்துத் தைத்துப் போர்வையாக்குவது. எங்கள் வீட்டு ஆண்கள் ஒட்டுப்போர்வை என்பார்கள். இந்தப் புழுக்கத்தில் யாருக்கு வேண்டும் இது என்றும் கேட்பார்கள். ஊருக்குத் திரும்பிய பிறகு நானும் ஸ்டெல்லாவும் தக்கலையில் இருக்கும் கோமதியும் சனிக்கிழமை மத்தியானம் அந்த அறையில் கூட ஆரம்பித்தோம். யாருக்கும் விற்க அல்ல. யூடியூபில் ஒரு டிசைனைப் பார்ப்போம், துணி வெட்டுவோம், பாதியில் அடுத்த டிசைனுக்குத் தாவுவோம். ஆளுக்கு நாலைந்து முடியாத போர்வைகள் அலமாரியில் எப்போதும் கிடக்கும்.

அக்காவைக் கூட்டிவந்தது கோமதி. தக்கலையில் நூல் வாங்கப் போன கடையில், நிறம் பொருத்திப் பார்க்கக் கோமதி தன் துணியை விரித்திருக்கிறாள். பக்கத்தில் ஊசி வாங்க நின்ற பெண் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இத தைக்கும்போ நீங்க கோவமா இருந்தியளோ?" என்று கேட்டாளாம். அன்றைக்குக் கோமதி மருமகளோடு வாய்ச்சண்டை போட்டுவிட்டு உட்கார்ந்து தைத்தது அது.

"ஜோசியக்காரி மாதிரில்லா பேசுகா!" என்று மாடிப்படி ஏறும்போதே எங்களுக்குக் கேட்கும்படி சொல்லிக்கொண்டு வந்தாள் கோமதி. பின்னால் மெலிந்த, உயரமான, நரை ஓடிய பெண் ஒருத்தி. செருப்பை வெளியே ஓரமாகப் பொருத்தி வைத்துவிட்டு உள்ளே வந்தாள். இரணியல் ஸ்டேஷன் பக்கம் வாடகை வீடு என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

என் துணியை மடியில் எடுத்து வைத்து விரலால் வரியோடு போனாள். "நீ தைக்கும்போ மூச்ச பிடிச்சிட்டா இருப்ப?"

எனக்குத் தெரியாது. கோமதிதான், "ஆமாட்டி, நீ அப்பிடித்தான் இருப்ப. நான் பாத்துருக்கேன்" என்றாள். அக்கா என் ஊசியை வாங்கி, ஒரு நிமிடம் சும்மா இருந்தாள். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு சாண் நீளம் தைத்துத் திருப்பித் தந்தாள். நான் அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என் வரி எங்கே முடிந்தது, அவள் வரி எங்கே தொடங்கியது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. இடது பக்கச் சாய்வுகூட அப்படியே இருந்தது.

"இது எப்பிடி அக்கா?"

"கை ஒரு வீடாக்கும் பிள்ளே. கதவு சாத்தாம கெடந்தா கேறி இருந்துடலாம்."

"வெளிய வரத் தெரியணும்லா?" என்றாள் கோமதி.

"அதாக்கும் பாடு" என்று சொல்லி அக்கா சிரித்தாள்.

அதன் பிறகு அவள் ஒரு சனிக்கிழமையும் தவறவிடவில்லை. புதிதாக எதையும் தொடங்க மாட்டாள். அலமாரியைத் திறந்து எங்களுடைய பாதிப் போர்வைகளில் ஒன்றை எடுப்பாள். கோமதி ஊர்க்கதை பேசிக்கொண்டே தைப்பவள். அவள் துணி கையிலிருந்தால் அக்காவும் பேசித் தள்ளுவாள், அதுவும் கோமதியின் நாஞ்சில் நாட்டுப் பேச்சில். ஸ்டெல்லாவின் துணி என்றால் முதுகை நிமிர்த்தி வாயைத் திறக்காமல் இருப்பாள். என் துணி என்றால் மூச்சு. நாங்கள் இதை வைத்து விளையாடினோம். ஒரு வாரம் ஸ்டெல்லா தன் துணியைக் கோமதியுடையது என்று பொய் சொல்லிக் கொடுத்தாள். அக்கா இரண்டு தையல் போட்டுவிட்டு, "டீச்சரே, பிள்ளைகள ஏமாத்தலாம், ஊசிய ஏமாத்தாண்டாம்" என்றாள்.

கோமதி குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டபோது, பெங்களூரில் பேரன் பிறக்கப்போகிற சமயம். யானைப் படம் வைத்து அவள் தைத்துக்கொண்டிருந்த சின்னப் போர்வை அரைகுறையாக நின்றது. அக்கா அதை வீட்டுக்குக் கொண்டுபோய் முடித்துக் கொடுத்தாள். கோமதி வீடியோ காலில் மகனுக்கு அதை விரித்துக் காட்டினாள். நாங்கள் பக்கத்தில்தான் இருந்தோம். "முழுக்க அம்மை தச்சதுடே மக்கா. இந்த மூலை திருப்புகதுக்குள்ள இடுப்பு ஒடிஞ்சு போச்சு" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. பார்த்துப் பார்த்துத் தானே தைத்ததாகவே நம்பிவிட்டாள். அக்கா தலையை ஆட்டி, "ரெம்பப் பாடுபட்டாச்சு" என்றாள். ஸ்டெல்லா வாயைப் பொத்திக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடினாள்.

நானும் சிரித்தேன். ஆனால் அன்று அக்கா டம்ளரை எடுத்தபோது கவனித்தேன். வலது மணிக்கட்டை மடக்காமல் இடது கையால் எடுத்தாள். ஒரு மாதத்துக்கு மேல் அப்படித்தான் எடுத்தாள்.

ஒரு சனிக்கிழமை நாங்கள் மூவரும் சேர்ந்து அவளை மடக்கினோம். எங்களுடையதையே எத்தனை நாள் தைப்பாய், உனக்கென்று ஒன்று தை என்றோம். ஸ்டெல்லா கடல் நீலத்தில் நல்ல பருத்தித் துணி வாங்கி வந்திருந்தாள். அக்கா அதைத் தொடவில்லை. "நீலம் வேண்டாம் டீச்சரே" என்றாள். கடைசியில் கடுகு நிறத்திலும் தவிட்டு நிறத்திலும் துண்டுகள் வெட்டி ஒட்டினாள். பஞ்சு வைத்து முதல் வரி தைத்தாள். பார்த்தால் அது என் தையல். "இது இவ கைல்லா" என்றாள் கோமதி. இரண்டாவது வரி கோமதியுடையதாக வந்தது. எல்லோரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தாள். மூன்றாவது வரியை அவள் தைக்கத் தைக்கச் சிரிப்பு நின்றுபோனது.

அது எங்கள் யாருடையதும் இல்லை. ஒவ்வொரு தையலுக்கும் நூலை ஒரு சுண்டுச் சுண்டி இழுத்திருந்தது. துணி சுருங்கி மேடு மேடாக நின்றது. முடிச்சு போடவேண்டாத இடத்திலெல்லாம் முடிச்சு.

"இது ஆம்பிளக் கை மாதிரில்லா இருக்கு" என்றாள் கோமதி.

அக்கா கத்தரிக்கோலை எடுத்து அந்த வரியை நறுக்கி, நூலைத் துண்டு துண்டாக உருவினாள்.  முகத்தைப் பார்க்க முடியவில்லை. தலைவலி என்று சொல்லி முந்தின பஸ்ஸுக்கே போய்விட்டாள். அந்தக் கடுகு நிறத் துணியை அதன்பிறகு யாரும் கேட்கவில்லை.

அன்றைக்குத்தான் ஸ்டெல்லா எங்களிடம் சொன்னாள். அவள் கடற்கரைப் பள்ளிக்கூடமொன்றில் பல வருஷம் இருந்தவள். அக்காவைப் பார்த்த முதல் நாளே அடையாளம் தெரிந்திருக்கிறது, அக்காவாகச் சொல்லட்டும் என்று காத்திருந்திருக்கிறாள். அக்காவுக்குச் சொந்த ஊர் கடலோரத்து இனயம். ஒரே மகன், எட்டாம் வகுப்பில் ஸ்டெல்லாவிடம் படித்தவன். அந்தப் பெரிய புயல் வருவதற்கு முன்னால் கடலுக்குப் போனவர்களில் அவனும் ஒருத்தன். சிலர் பிழைத்து வந்தார்கள். சிலர் உடலாக வந்தார்கள். அவன் எப்படியும் வரவில்லை.

"கரையில கிழிஞ்ச வலைய எல்லாம் அவன்தான் முடிஞ்சு குடுப்பான். ஸ்கூல் விட்டு வந்தா அதாக்கும் வேல" என்றாள் ஸ்டெல்லா. "இப்பம் பாத்தோம்லா, அது அவனுக்க கை."

அக்கா விடியும் முன்னே போய்க் கரையில் நின்றுகொண்டே இருந்ததால், பார்க்கப் பொறுக்காமல் கணவர் இரணியலுக்குக் குடி மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார். மகனுக்காக ஊர்க் கோயிலில் பூசை வைக்கலாம் என்று பாதிரியார் சொன்னபோது அக்கா, "எந்த நாள்னு வைப்பிய சாமி? எந்த எடம்னு வைப்பிய?" என்று கேட்டாளாம். 

நாங்கள் அதைப் பற்றி அக்காவிடம் ஒருநாளும் பேசவில்லை. அவளும் பேசவில்லை.

ஸ்டெல்லாவுக்கு நோய் தெரிந்தபோது அவள் ஒரு பெரிய போர்வையில் இருந்தாள். தோஹாவில் நர்ஸாக இருக்கும் மகள் ஜெனிக்காக. வெள்ளையும் சாம்பலும் கலந்த கட்டங்கள். மூன்று விரிப்பையும் சேர்த்துத் தைக்கும் வரியை அவள் நடுவிலிருந்து தொடங்கியிருந்தாள், கொசுவத்திச் சுருள்போல. ஒரே வரி சுற்றிச் சுற்றி வெளியே போய் ஓரத்தில் முடியும். எங்களில் யாருக்கும் அந்தப் பொறுமை கிடையாது.

திருவனந்தபுரத்தில் கீமோ கொடுத்தார்கள். இரண்டு ஊசிகளுக்கு நடுவில் உடம்பு கேட்கிற வாரங்களில் அவள் மாடிக்கு வந்து தைத்தாள். வயிற்றில் ஒரு தலையணையை அணைத்துக்கொண்டு, குனிந்து. பிறகு மாடி ஏற முடியாமல் வீட்டிலேயே தைத்தாள். விரல் நுனியெல்லாம் மரத்துப்போய் ஊசி இருப்பதே தெரியவில்லை என்றாள். கோடு போட்ட தாளில் எழுதியதுபோல இருந்த அவள் தையல் பெரிதாகி, தள்ளாடி, குழந்தை எழுதியதுபோல் ஆனது. "ஏ மாடிக்காரி, இதப் பாத்தா எனக்கு மார்க் போடுவியா?" என்று கேட்டாள். என்னை மாடிக்காரி என்று கூப்பிட்டவள் அவள் ஒருத்திதான். மருந்து இனிப் பலன் இல்லை என்று நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு அவள் நிறைய நாள் இருக்கவில்லை.

சடங்கெல்லாம் முடிந்து அவள் கணவர், நாங்கள் சார் என்று கூப்பிடுபவர், அந்தப் போர்வையைக் கொண்டுவந்து எங்கள் அறையில் வைத்தார். ஊசி குத்தியபடியே இருந்தது. பாதிக்கு மேல் தைத்திருந்தாள். சுருளின் வெளிச்சுற்றுகள்தான் மிச்சம்.

"நான் கொண்டு போறேன்" என்றாள் அக்கா.

அவரிடம் அவள் கேட்ட கேள்விகள் எனக்கு இன்னும் காதில் இருக்கின்றன. கட்டிலில் இருந்தா தைத்தாள், நாற்காலியிலா? வெளிச்சம் எந்தப் பக்கம்? வலி எப்போது வரும், காலையிலா, பொழுது சாய்ந்த பிறகா? வலிக்கும்போது பல்லைக் கடிப்பாளா, வாய்விட்டுச் சொல்வாளா? சார் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கு ஆறுதலாக இருந்தது என்று நினைக்கிறேன். கடைசியில் அக்கா, "டீச்சருக்க கண்ணாடி இருந்தா தருவியளா?" என்றாள். அவர் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். எடுத்துக் கொடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு அக்கா சனிக்கிழமைகளில் வரவில்லை. போன் எடுக்கவில்லை. நான் ஒரு நாள் காலையில் இரணியலுக்குப் போனேன்.

ரயில் போனால் ஓடு அதிர்கிற சின்ன வீடு. கதவு திறந்துதான் கிடந்தது. உள்ளே கட்டிலில் சுவரோடு சாய்ந்து, வயிற்றில் தலையணையை அணைத்துக்கொண்டு, அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அக்கா தைத்துக்கொண்டிருந்தாள். உதடு வெடித்திருந்தது. பாதி உடம்பாகிவிட்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"மாடிக்காரி வந்தியா?"

அது ஸ்டெல்லாவின் குரல். சாயல் இருந்தது என்று சொல்லவில்லை, அந்தக் குரலேதான். என் கால் வாசற்படியைத் தாண்டவில்லை.

அக்காவின் கணவர் என்னை முற்றத்துக்கு அழைத்துக்கொண்டு போனார். கடலில் கிடந்து காய்ந்த மனிதர். மெதுவாகப் பேசினார். "சோறு எறங்கல்ல. கஞ்சிதான். அதும் ரெண்டு கரண்டி. வயிறு நோவுதுன்னு சொல்லுகா. டாக்டரிட்ட கொண்டு காட்டினேன், ஒண்ணும் இல்லன்னு சொல்லியாச்சு."

"அண்ணே, நான் அத எடுத்துட்டுப் போயிருகேன். நாங்க ரெண்டுபேரும் தச்சுக்கிடுகோம்."

அவர் பதறிப்போனார். "வேண்டாம் தாயி. பய போனதுக்குப் பெறவு அவ ராவு முழுக்க உறங்கினது இது வீட்டுக்கு வந்த பெறவாக்கும். எடுக்காண்டாம்."

நான் வெறுங்கையோடு திரும்பினேன்.  அன்றிரவே கோமதியிடம் போனில் சொன்னேன்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஒரு சனிக்கிழமை அக்கா மாடிப்படியில் ஏறி வந்தாள். முகம் தெளிந்திருந்தது. கன்னத்தில் சதை வைத்திருந்தது. கோமதி கொண்டுவந்திருந்த சுண்டலை வாங்கி நன்றாகத் தின்றாள். பிறகு போர்வையைத் தரையில் விரித்தாள்.

நடுவில் ஸ்டெல்லாவின் நேரான, சின்னத் தையல். சுற்றிச் சுற்றி வெளியே வர வர, அது பெரிதாகித் தடுமாறுகிறது. ஒரு சுற்று முழுக்கத் தள்ளாட்டம்தான். அதற்கு அடுத்த சுற்றில் மெல்ல, பார்த்தால் தெரியாத அளவுக்கு மெல்ல, தையல் சிறுத்துக்கொண்டே வருகிறது. வெளி ஓரத்துக்கு வரும்போது மறுபடியும் கோடு போட்ட தாள்.

"ஏ, இவ சொகமாயிட்டாளே!" என்று சொல்லிக் கோமதி அப்படியே உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன். யார் கை எங்கே நின்றது என்று நாங்கள் தேடவில்லை. தேட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

தேடியவள் ஜெனி.

ஸ்டெல்லாவின் முதல் வருஷ நினைவுக்கு அவள் தோஹாவிலிருந்து வந்தாள். கூட்டம் முடிந்த மறுநாள் மத்தியானம் எங்கள் மாடிக்கு வந்தாள். கோமதி இருந்தாள், அக்காவும் இருந்தாள். கோமதியின் துணி ஒன்றைக் கையில் வைத்திருந்த அக்கா அந்தக் கண்ணாடியைப் போட்டிருந்தாள்.

"அது எங்கம்மா கண்ணாடி" என்றாள் ஜெனி. வந்ததும் அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

அக்கா அதைக் கழற்றி அவள் கையில் கொடுத்தாள். நான் போர்வையை எடுத்து விரித்தேன். ஜெனி அழுவாள், எங்களைக் கட்டிப்பிடிப்பாள் என்றெல்லாம் நினைத்து வைத்திருந்தேன். அவள் மண்டியிட்டு உட்கார்ந்து நடுவில் விரலை வைத்தாள். வரியோடு விரலை நகர்த்தினாள். சுற்றிச் சுற்றி வந்தாள். நர்ஸ் அல்லவா, அவள் அதைக் கேஸ் சீட்டு படிப்பதுபோலப் படித்தாள்.

"இங்க கீமோ தொடங்கியாச்சு." கொஞ்சம் தள்ளி, "இங்க வெரல் மரத்துப் போச்சு."  பிறகு விரல், தையல் தள்ளாடிய சுற்றைக் கடந்து அடுத்த சுற்றுக்கு வந்தது. அங்கே நின்றது. திரும்பவும் பின்னால் போய் முன்னால் வந்தது.

"இது என்ன? இங்க நல்லாயிட்டு வருது."

அவள் நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள்.

"எங்கம்மாக்கு நல்லாகல்லியே. யாரு இத நல்லாக்கினது?"

"நான்தான் மோளே" என்றாள் அக்கா.

"எதுவரைக்கும் எங்கம்மா தச்சது? எங்கேந்து நீங்க?"

"அறிஞ்சூடா."

"தெரியாதா? நீங்கதானே தச்சீங்க!"

"தச்சேன். ஆனா அறிஞ்சூடா மோளே."

"விடு பிள்ளே, முடிஞ்சு போன காரியம்லா" என்று கோமதி அவள் தோளைத் தொட்டாள். ஜெனி தோளை உதறிக்கொண்டாள்.

"ஒங்களுக்கு முடிஞ்சு போச்சு. எனக்கு லீவு தரல்ல. தந்து நான் வந்தப்பம் அம்மா ஐஸ் பெட்டிக்குள்ள இருந்தா. பெட்டிக் கண்ணாடிக்கு மேலதான் தொட்டேன். கடைசி வாரம் போன்ல, கை நல்லாருக்கு மக்கா, வெரல்ல உணர்ச்சி வருதுன்னு சொன்னா. எனக்குத் தெரியாதா? ஆஸ்பத்திரில எத்தன பேர பாக்கேன், எல்லா அம்மைகளும் அப்பிடித்தான் பொய் சொல்லுவினும். இப்பம் எங்கம்மா கடைசியா கை வச்ச எடம்னு இந்த ஒலகத்துல இது ஒண்ணுதான் இருக்கு. அத நீங்க மறைச்சு வச்சிருக்கிய."

பாலத்தில் ஒரு லாரி ஹாரனை அழுத்திக்கொண்டே போனது. அக்கா எழுந்து வந்து ஜெனிக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். போர்வையின் வெளி ஓரத்தில் விரலை வைத்து, உள்நோக்கிப் பின்னால் போக ஆரம்பித்தாள். அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. விரல் சுற்றிச் சுற்றி உள்ளே போகப் போக, முகத்தில் இருந்த தெளிவு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. கன்னம் ஒட்டியது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். நான் பார்த்தேன்.

தள்ளாட்டம் தொடங்குகிற இடத்துக்கு வரும் முன்னாலேயே விரல் நின்றது.

"இங்க" என்றாள்.

ஜெனி குனிந்து பார்த்தாள். நாங்களும் பார்த்தோம். அந்த இடத்தில் தையல் ஏற்கெனவே சிறுத்திருந்தது. பழைய நேர் வரவில்லை. ஆனால் தடுமாற்றம் பாதிக்குமேல் போயிருந்தது.

"இது நல்லாயி வந்த எடம்லா" என்றாள் ஜெனி. 

"ஆமா மோளே. நல்லாக்கத் தொடங்கினது நான் இல்ல. அது அவளே தச்சது. மருந்து நிறுத்தின பெறவு வெரலு கொஞ்சம் கேட்டிருக்கு. ஒன்னிட்ட சொன்னது பொய் இல்ல. அவ போன வழியிலயாக்கும் நான் போனேன்."

"பெறவு ஏன் தெரியாதுன்னு சொன்னிய?"

அக்கா விரலை அந்த இடத்திலிருந்து எடுத்தாள். "எடம் காட்டிட்டா அவ அங்க நின்னுருவாள்லா. எனக்கு அது பயம்."

ஜெனி அந்த இடத்தில் கையை வைத்தாள். பிறகு கன்னத்தை வைத்தாள். அப்படியே ஒருக்களித்துப் படுத்து, சின்னப் பிள்ளைபோலக் காலை மடக்கிக்கொண்டு அழுதாள். கோமதி ஃபேனைக் குறைத்து வைத்துவிட்டு வந்து அவள் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

அக்கா காட்டியது உண்மையான இடம்தானா என்று எனக்கு இன்றைக்கும் நிச்சயமில்லை. அந்தப் பிள்ளைக்கு எது வேண்டுமோ அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்குப் பொருத்தமாக ஒரு இடத்தைத் தொட்டிருக்கலாம். அவளால் முடியாததா? அவள் கொல்லத்துக்குப் போவதற்கு முன்னால் கேட்டுவிடலாம் என்று எத்தனையோ தடவை நினைத்தேன். கேட்கவில்லை.

ஜெனி எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்ட பிறகும் அக்கா அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். போர்வையை மடிக்க நான் ஓரத்தைப் பிடித்தேன். அப்போது அவள், "மோளே, நானும் ஒருவாட்டி அதுல கை வச்சுக்கட்டா?" என்று கேட்டாள்.

கோமதியின் பேச்சாக இல்லை. ஸ்டெல்லாவுடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை. அத்தனை வருஷத்தில் நான் கேட்டிராத, கடற்கரைக் காற்றில் கத்திக் கத்திக் கரகரத்துப்போன ஒரு குரல்.

ஜெனி நகர்ந்து இடம் விட்டாள். அக்கா உள்ளங்கையை அந்த வரியின்மேல் விரித்து வைத்து, தன் மகனின் பெயரைச் சொன்னாள். வீட்டுக்குள் இருக்கிறவனைச் சாப்பிடக் கூப்பிடுவதுபோலச் சத்தமாகச் சொன்னாள். பதிலுக்குக் காத்திருப்பதுபோலக் கொஞ்சம் பொறுத்தாள். பிறகு மெதுவாக, இன்னொரு முறை சொன்னாள்.